வராத ஆட்டத்தின் விலை

2006 நவம்பரில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 'கிரிக்கெட் 07' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை வெளியிட்டது. 1996இல் தொடங்கிய வரிசையில் கடைசி உருப்படி அதுதான். அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்கென்று அந்த நிறுவனம் கிரிக்கெட் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தாலும் 'ஈ.ஏ. கிரிக்கெட் 2009', '2010', '2011', '2013' என்று ஆண்டு போட்ட சிடிக்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடைகளுக்கு வந்துகொண்டே இருந்தன. அட்டையில் தோனி நிற்பார், பின்னால் ஐ.பி.எல். வண்ணங்கள் மின்னும். செய்யப்படாத ஆட்டம் எப்படி விற்பனைக்கு வந்தது?

செய்தவர்கள் ரசிகர்கள், விற்றவர்கள் வேறு ஆட்கள். 'கிரிக்கெட் 07'இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்குத்தான் முறையான உரிமம் இருந்தது. இந்திய வீரர்கள் யார் யாருடைய பெயரிலோ மட்டை பிடித்தார்கள். ரசிகர்கள் கோப்புகளைத் திறந்து பெயர்களைத் திருத்தினார்கள். 2008இல் ஐ.பி.எல். பிறந்ததும் சென்னை அணிக்கு மஞ்சள் சட்டை வரைந்து ஒட்டினார்கள். மைதானத்து விளம்பரப் பலகைகளையும் மாற்றினார்கள். 'பேட்ச்' என்று பெயரிட்டு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். திருட்டு சிடிக்காரர்கள் அந்தப் பேட்சை எல்லாம் பழைய ஆட்டத்தோடு சேர்த்துப் பதிந்து, அடுத்த ஆண்டின் எண்ணை அட்டையில் போட்டுவிட்டார்கள். 'இந்த வருஷம் எப்படியும் புதுசு வரும்' என்ற ஊர்ப் பேச்சுதான் அவர்களுடைய மூலதனம். வாங்கியவனுக்கும் பாதி தெரியும், இது பழசுதான் என்று. ஆனாலும் வாங்கினான்.

தொடர்ந்து பாகம் பாகமாக வரும் வீடியோ கேம் ஒன்றின் வருங்காலத்தைப் பற்றி ரசிகர்கள் போடும் கணக்கு, அதில் யார் எப்படிக் காசு பார்க்கிறார்கள் என்கிற கதை, பொதுவாக டோக்கியோவிலோ கலிபோர்னியாவிலோ தொடங்கும். தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் தொடங்கினால் அதன் இன்னொரு பக்கம் தெரியும். ஆட்டத்துக்குக் காசு வாங்கும் முறை மாறும்போதெல்லாம் ரசிகனின் வதந்தியும் மாறியிருக்கிறது. பணம் உள்ளூர்க் கடைக்காரர் கல்லாவில் விழுந்த காலத்தில் பேச்சு முழுக்க ஆட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கும் ரகசியத்தைப் பற்றியது. ஆட்டம் இலவசமாகி, அதற்குள்ளேயே கடை திறந்த பிறகு, அந்த ஆட்டம் பிழைக்குமா, அடுத்து எதை விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்பதே பேச்சு.

விலையை முன்கூட்டிக் கணிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. மேற்கே மலையில் ஏலத்தோட்டம், கீழே போடிநாயக்கனூரில் ஏல விற்பனை. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப்பக்கம் இடுக்கி மாவட்டப் புற்றடியிலுமாக நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. மூன்று ஆண்டுக்குள் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மழை, குவாத்தமாலா வரத்து, வளைகுடா நாடுகளின் பண்டிகை என்று ஒரு டீக்கடை பெஞ்சில் எல்லாவற்றையும் அலசிவிடுவார்கள். ஒரே வேறுபாடு, ஏலக்காய்க்காரர் கையில் சரக்கு இருக்கும். ஆட்ட ரசிகன் கையில் ஒன்றுமே இருக்காது. வேறு யாரோ விற்கப்போகும் சரக்கின் விலையைத்தான் அவன் கணிக்கிறான்.

ஆட்டத்துக்குத் தவணையாகக் காசு வாங்கும் வழக்கம் மின்சாரத்தோடு வந்ததில்லை. தேனிக்குத் தெற்கே வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் வளையம் எறியும் கடையும் பலூன் சுடும் கடையும் இருக்கும். இத்தனை ரூபாய்க்கு இத்தனை வளையம். சோப்புப் பெட்டியின் மேல் வளையம் முழுசாக விழ வேண்டும். ஓரத்தில் தொட்டு நின்றால் கணக்கில்லை. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' எந்திரத்தில் நூறு யென் நாணயம் போடச் சொன்னபோது செய்ததும் இதையேதான். ஆடுகிறவன் சில நிமிடத்தில் தோற்க வேண்டும். ஆனால் கொஞ்சம்தான் தவறிவிட்டது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த நாணயம் விழும்.

இந்தியப் பெருநகரங்களில் வீடியோ கேம் பார்லர்கள் வந்தபோது போலீஸார் அவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கர்நாடகத்தில் கிளம்பிய வழக்கு ஒன்றில் 1995இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய எந்திரங்களுக்கு உரிமம் கேட்பதும் கட்டுப்படுத்துவதும் அரசுக்கு உள்ள அதிகாரமே என்றது. எந்திரத்தின் உள்ளே கைவைத்து, ஆடுகிறவனின் திறமைக்கு வேலையில்லாமல் செய்துவிட முடியும் என்பதையும் நீதிமன்றம் கவனித்தது. முப்பது ஆண்டு கழித்து இன்றைய செல்போன் ஆட்டங்களைப் பற்றி நடக்கும் வாதமும் ஏறக்குறைய இதே வரியில்தான் நிற்கிறது.

சிற்றூர்களுக்கு வந்தது பெரிய எந்திரம் இல்லை, டிவி கேம். நின்டெண்டோவின் 1983ஆம் ஆண்டு 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் 'சமுராய்', 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா' என்று பல பெயரில் கிடைத்தன. மஞ்சள், கறுப்பு கேசட்டுகளில் 'மரியோ', 'காண்ட்ரா' இருந்தன. கேசட் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பத்துப் பதினைந்து ஆட்டமே திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். ஒன்றில் மரியோ முதல் கட்டத்தில் தொடங்குவார், இன்னொன்றில் நேரே மூன்றாவது கட்டத்தில் நிற்பார். அதையும் ஒரு தனி ஆட்டமாக எண்ணியிருப்பார்கள். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, அடிப்பக்கத்துச் செம்புப் பற்களில் வாயால் ஊதி, மறுபடி சொருகி ஒரு அழுத்து. எந்த வகுப்பிலும் சொல்லித்தராத இந்தப் பழுதுபார்ப்பு உலகம் முழுக்க எப்படிப் பரவியது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

வீட்டில் பெட்டி இல்லாதவனுக்கு, இருந்தவனின் வீட்டுத் திண்ணையோ, மணிக்கணக்கில் வாடகை வாங்கிய கடையோ கதி. அன்றைக்குச் சரக்கு ரகசியம்தான். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இப்படி அழுத்தினால் 'காண்ட்ரா'வில் மூன்று உயிர் முப்பது ஆகும். 1986இல் 'கிராடியஸ்' ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருந்ததால் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி ஊழியர் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எந்தப் பத்திரிகையும் படிக்காத பையன்களுக்கும் அது வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து லீவுக்கு வந்த அத்தை மகன் சொல்லியிருப்பான், அல்லது பக்கத்துத் தெரு அண்ணன். சொன்னவனுக்குக் காசு கிடைக்கவில்லை, மரியாதை கிடைத்தது. முப்பது உயிரோடு ஆடினால் ஒரு மணி நேர வாடகைக்கு முழுக் கதையையும் பார்த்துவிடலாம் என்பதால், ரகசியத்துக்கு ரொக்க மதிப்பும் இருந்தது.

மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனியாகப் பிரிந்தது 1996இல். அடுத்த சில ஆண்டுகளில் புதிய மாவட்டத் தலைநகரிலும், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஆற்றோரமாக நீளும் ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பத்தாம் வகுப்பு முடிவு பார்க்க, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப என்றுதான் போர்டு சொல்லும். ஆனால் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வாடகையைக் கட்டியவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். மணிக்குப் பத்து, பதினைந்து, இருபது ரூபாய். நோட்டில் பெயருக்கு எதிரே உட்கார்ந்த நேரம் எழுதப்படும். 'இன்னும் அஞ்சு நிமிஷம்ணே' என்ற குரல் கேட்காத சென்டர் கிடையாது. 2011இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்து, அடையாளச் சான்று பார்க்க வேண்டும், ஓராண்டுப் பதிவேடு வைக்க வேண்டும், தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம் சொன்னது. தொழிலுக்கு ஒழுங்கு வந்த நேரம், தொழிலுக்கு வாழ்நாள் முடிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்து மன்னன் 'வைஸ் சிட்டி'. ராக்ஸ்டார் நிறுவனத்தின் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2002 அக்டோபரில் பிளேஸ்டேஷனுக்கு வந்து, 2003 மே மாதம் கம்ப்யூட்டருக்கு இறங்கியது. பத்து ஆண்டுக்கும் மேலாக நம் ஊர்ப் பையன்கள் அதை விடவில்லை. கதைப்படி ஆடியவர்கள் குறைவு. கீபோர்டில் P-A-N-Z-E-R என்று தட்டினால் தலைக்கு மேலிருந்து டாங்கி ஒன்று நடுத்தெருவில் தொப்பென்று இறங்கும். 'ஆஸ்பிரின்' என்று தட்டினால் ரத்தம் முழுசாக ஏறும். ஆங்கிலப் பாடத்தில் எழுத்துப்பிழை விட்டவனும் 'லீவ் மீ அலோன்' என்பதை இடைவெளி விடாமல், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவான். பிழையானால் போலீஸ் போகாதே!

அடுத்து வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' காலத்தில் வதந்தி உலகப் பொதுவாகிவிட்டது. அந்த ஆட்டத்து மலைக்காட்டில் 'பிக்ஃபுட்' என்ற காட்டு மனிதன் திரிவதாக 2004 முதல் பேச்சு. அப்படி ஒன்று இல்லை என்று நிறுவனமே சொல்லிப்பார்த்தது. எடுபடவில்லை. கடைசியில் 2013இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நிறுவனமே காட்டு மனிதனை வைத்துவிட்டது. ரசிகன் கட்டிவிட்ட கதையை வாங்கி ரசிகனுக்கே திருப்பி விற்றதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டருக்கு முதல் அடி கொடுத்தது செல்போன் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரியும் படித்தவர்கள் கைக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வந்தது. படிப்புக்கு உதவியது, மறுப்பதற்கில்லை. அதோடு, பென்டிரைவ் ஒன்று வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தால் நாற்பது மடிக்கணினியிலும் 'வைஸ் சிட்டி'யும் பேட்ச் போட்ட 'கிரிக்கெட் 07'உம் ஏறிவிடும். ராக்ஸ்டாருக்கோ ஈ.ஏ.வுக்கோ இதில் ஒரு பைசா போகவில்லை. இந்திய ரசிகனைக் கவனிக்க அந்த நிறுவனங்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. 'அடுத்த கிரிக்கெட் எப்போ?' என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களுக்குப் பதில் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆட்டத்தை நேசித்தவர்கள் கோடிப்பேர், காசு கொடுத்து வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்.

அந்த இடைவெளியைப் பிடித்தது சென்னை. பி.ஆர். ராஜேந்திரன் தலைமையிலான நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனம் செல்போனுக்கென்று 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்ற ஆட்டத்தைச் செய்தது. 2015இல் இரண்டாம் பாகம், 2020இல் மூன்றாம் பாகம். அந்த 2020இல் கூகுள் பிளேயின் இந்திய ரசிகர் வாக்கெடுப்பில் மூன்றாம் பாகம்தான் முதலில் வந்தது. தமிழ்நாட்டில் பிறந்து, இந்தியா முழுக்கப் பாகம் பாகமாக எதிர்பார்க்கப்பட்ட வீடியோ கேம் வரிசை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். மலையோர வட்டாரத்துக்கு அதில் ஒரு வசதி இருந்தது. நெட் இல்லாமலும் ஆடலாம். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் கணவாயில் ஏறத் தொடங்கினால் சிக்னல் வரும், போகும். அங்கே உட்கார்ந்து ஐந்து ஓவர் ஆடுவதற்கு டவர் தேவையில்லை.

காசு வாங்கும் முறை இங்கேதான் தலைகீழானது. ஆட்டம் இலவசம். விளம்பரம் பார்த்தால் காசு கிடைக்கும், அந்தக் காசில் மட்டையோ மைதானமோ திறக்கலாம். பொறுமை இல்லாதவன் நிஜக் காசு கொடுக்கலாம். மூன்றாம் பாகம் வருவதற்கு முன்பே மும்பையின் நசாரா டெக்னாலஜிஸ் நெக்ஸ்ட்வேவில் பெரும்பங்கை வாங்கியது. நசாரா 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக்கும் வந்தது. முன்பு 'அடுத்த பாகத்தில் டி.ஆர்.எஸ். இருக்குமா?' என்று பேசிய ரசிகர்கள், 'அடுத்த அப்டேட்டில் எதற்குக் காசு கேட்பார்கள்?' என்று பேச ஆரம்பித்தார்கள். புகார் நியாயமானதுதான். ஆனால் சிடியை முப்பது ரூபாய்க்குத் திருட்டுப் பிரதியாக வாங்கிய தலைமுறையிடம் வேறு எந்த வழியில் சென்னை நிறுவனம் சம்பளம் கொடுத்திருக்க முடியும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018 மார்ச்சில் 'பப்ஜி மொபைல்' வந்தது. அதற்குச் சற்று முன்பே, விலை குறைந்த போனிலும் ஓடக்கூடிய 'ஃப்ரீ ஃபயர்' வந்துவிட்டது. சிங்கப்பூரின் கரினா நிறுவனத்துடையது. இரண்டும் இலவசம், இரண்டிலும் உள்ளே கடை. அந்தக் கடையில் செல்லும் காசு பப்ஜியில் யூசி, ஃப்ரீ ஃபயரில் டைமண்ட். துப்பாக்கிக்குச் சட்டை, பாராசூட்டுக்குப் பூவேலை, செத்து விழும்போது ஆட ஒரு நடனம். இவற்றில் பெரும்பாலானவை ஆட்டத்தில் ஜெயிக்க உதவாதவை. அதனால்தான் விலை ஏறின.

'ராயல் பாஸ்' என்பது இந்தக் கடையின் மூளை. தொடக்க ஆண்டுகளில் பப்ஜியில் இரண்டு மாத சீசனுக்கு 600 யூசி கொடுத்துப் பாஸ் எடுத்தால், தினசரி வேலைகளை முடிக்க முடிக்கப் பரிசு திறக்கும். விடாமல் ஆடி முடித்தால் அடுத்த பாஸுக்கான யூசியும் பெரும்பாலும் கையில் வந்துவிடும். விட்டால் போட்ட காசு போச்சு. வளையக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் அடுத்த நாளும் வருவாரா என்பது தெரியாது. பாஸ் விற்பவருக்குத் தெரியும்.

கிரெடிட் கார்டு இல்லாத ஊரில் யூசி வாங்குவது எப்படி? கொஞ்ச காலம் செல்போன் ரீசார்ஜ் கடைகள் இடையில் நின்றன. நூறு ரூபாய் கொடுத்தால் கூகுள் பிளே ரிடீம் கோடு ஒன்று வரும். அதை போனில் அடித்து யூசியாக மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரருக்குச் சிறு கமிஷன். யூபிஐ பரவியதும் அதுவும் தேய்ந்தது. பிரவுசிங் சென்டரில் பத்து ரூபாய் கட்டியவனின் காசு கம்பத்து வீதியிலேயே டீயாகவும் வாடகையாகவும் சுற்றியது. அப்பா போனிலிருந்து போகும் யூபிஐ பணம் சிங்கப்பூருக்கும் சியோலுக்கும் போய்ச் சேர்ந்தது; ஊரில் ஒருவர் கையையும் தொடவில்லை.

பெட்டியைக் காசு கொடுத்துத் திறந்து, உள்ளே என்ன இருக்கும் என்று காத்திருக்கும் 'கிரேட்' வியாபாரமும் இந்த ஆட்டங்களில் சேர்ந்தது. 2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த வாதம் விளங்காமல் போகாது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியோடு லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதை ஏறினால் குமுளி. அங்கே 1967 முதல் கேரள அரசே லாட்டரி நடத்துகிறது. ஓணம் பம்பர் முதல் பரிசு 2022 முதல் 25 கோடி ரூபாய். ஆவணி பிறந்தால் கீழே இருந்து மேலே போகும் பஸ்ஸில் சீட்டு வாங்கப் போகிறவர்களும் இருப்பார்கள். 2023இல் அந்த 25 கோடியைத் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வரே தட்டிச் சென்றார்கள். சீட்டு வாங்குகிற பெரியவருக்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது, குலுக்கல் தேதி இருக்கிறது, எத்தனை சீட்டு அச்சடித்தார்கள் என்ற கணக்கும் வெளியே வருகிறது. பையன் திறக்கும் பெட்டிக்கு இவற்றில் பாதி கிடையாது.

பிறகு தடை வந்தது, வதந்தியின் பொற்காலமும் அதோடு வந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30ஆம் தேதி இந்திய சர்வர்கள் நின்றன. நவம்பரில் பப்ஜியின் கொரிய நிறுவனம் இந்தியாவுக்கென்று தனி ஆட்டம் வரும் என்று அறிவித்து, 10 கோடி டாலர் முதலீடு என்றும் சொன்னது. தேதி மட்டும் சொல்லவில்லை. அடுத்த எட்டு மாதம் தமிழ் யூடியூபில் ஒரு தொழிலே நடந்தது. 'நாளைக்கு வருது', 'உறுதியாயிடுச்சு', 'பொங்கலுக்கு ரிலீஸ்' என்று தினம் ஒரு வீடியோ. வந்தால் பார்வை, வராவிட்டால் 'ஏன் வரலை?' என்று இன்னொரு வீடியோ, அதற்கும் பார்வை. ரகசியம் சொன்ன அத்தை மகனுக்கு மரியாதைதான் கிடைத்தது. இவர்களுக்கு விளம்பரப் பணம் கிடைத்தது. தடை செய்த ஆட்டத்தைக் குறுக்குவழியில் ஆடி, ஆபாசப் பேச்சோடு நேரலை செய்த ஒரு தமிழ் யூடியூபர் 2021 ஜூனில் கைதானபோது, போலீஸார் சொகுசுக் கார்களையும் கைப்பற்றினார்கள். அந்தத் தொழிலில் எவ்வளவு புரண்டது என்று ஊருக்கு அன்றுதான் புரிந்தது.

2021 ஜூலை 2ஆம் தேதி ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் ஆட்டம், செலவுக்கும் வரம்பு உண்டு என்று நிறுவனம் அறிவித்தது. அந்த வரம்பு நாளொன்றுக்கு 7,000 ரூபாய். ஒரு சிறுவனின் ஒரு நாள் செலவுக்குப் போட்ட கடிவாளம், ஒரு கிலோ ஏலக்காய் தொட்ட உச்ச விலைக்குச் சரியாக இருந்தது. தோட்டக் கூலிக்குப் போகும் வீட்டில் இதைக் கட்டுப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2022 பிப்ரவரி 14இல் ஃப்ரீ ஃபயர் தடையானது. ஜூலை 28இல் பேட்டில்கிரவுண்ட்ஸும் செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனைக்கென்று அது திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31இல் கரினா 'ஃப்ரீ ஃபயர் இந்தியா'வை அறிவித்தது. செப்டம்பர் 5 வெளியீடு. விளம்பரத் தூதர் தோனி, ஆட்டத்துக்குள் அவர் ஒரு பாத்திரமாகவும் வருவார், பாத்திரத்தின் பெயர் 'தல'. தமிழ்நாட்டு ரசிகன் வைத்த செல்லப்பெயரைச் சிங்கப்பூர் நிறுவனம் சரியாகப் பிடித்திருந்தது. செப்டம்பர் 5 வந்தது, ஆட்டம் வரவில்லை. சில வாரங்கள் தள்ளிவைப்பு என்றார்கள். வாரங்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டைத் தாண்டின. பழைய ஆட்டத்தில் சேர்த்த டைமண்டும் உடையும் புதியதில் வருமா என்பதுதான் ரசிகர்களின் முதல் கேள்வி. 'காண்ட்ரா' ஆடியவனுக்கு இந்தக் கவலை புரியாது. அவன் கேசட் அவனிடமே இருந்தது.

சட்டமும் இந்த வதந்திக்கு எரிபொருள் ஊற்றியது. தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, பிறகு சட்டமன்றத்திலும் நிறைவேற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம் வந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. குறி வைத்தது ரம்மி, போக்கர் போன்ற பணம் கட்டும் ஆட்டங்களை. 2025 ஆகஸ்ட் 22இல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுத்து, மின் விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம் தந்தது. ஒவ்வொரு முறையும் 'ஃப்ரீ ஃபயருக்கும் தடையா?' என்ற தலைப்பில் வீடியோக்கள் பறந்தன. சட்டை வாங்குவதும் சீட்டுக்கட்டில் பணம் வைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. அப்பாவின் வங்கிக் கணக்குக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

பெரிய எதிர்பார்ப்பு இப்போது பழைய மன்னனின் வாரிசைப் பற்றியது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் இந்திய நேரப்படி 2023 டிசம்பர் 5 அதிகாலை வந்தது. கசிந்துவிட்டதால் சொன்ன நேரத்துக்கு முன்பே வெளியிட்டார்கள். கதை நடப்பது மறுபடியும் வைஸ் சிட்டியில். இரண்டாவது முன்னோட்டம் என்று வரும் என்பதற்காக, நிறுவனம் வெளியிட்ட படங்களில் நிலாவின் வளர்பிறை தேய்பிறையைப் பார்த்து உலகம் முழுக்க ரசிகர்கள் நாள் குறித்தார்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பந்தக்கால் நடும் ஊருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. குறித்த நாளில்தான் எதுவும் நடக்கவில்லை. முன்னோட்டம் வந்தது 2025 மே 6இல்.

விலை பற்றிய ஊகம் அதைவிடச் சூடு. 2025 ஜனவரியில் மாத்யூ பால் என்ற ஆய்வாளர், இந்த ஆட்டம் 100 டாலருக்கு விற்றால் தொழிலுக்கே நல்லது என்ற பொருளில் எழுதியதும், அதுவே விலை என்று பாதி உலகம் நம்பிவிட்டது. இன்னொரு கணக்கு ஐந்தாம் பாகத்தைப் பார்த்துப் போடுவது. 2013 செப்டம்பரில் வந்த அது, 'ஷார்க் கார்டு' என்ற பெயரில் ஆட்டத்துக்குள் காசு விற்று, பத்து ஆண்டுக்கு மேல் ஓடி, 20 கோடிப் பிரதிகளையும் தாண்டிவிட்டது. அப்படி ஓடும் கடையை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க நிறுவனத்துக்கு என்ன அவசரம் என்பதுதான் தாமதத்துக்கு ரசிகர்கள் சொல்லும் காரணம். 2025 என்று சொன்ன வெளியீடு 2026 மே 26க்குப் போய், அதிலிருந்தும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளிப்போனது.

அதுவும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. தேனிப் பக்கம் 'வைஸ் சிட்டி'யைக் கம்ப்யூட்டரில் ஆடி வளர்ந்தவர்கள் போடும் கணக்கு வேறு. 'வைஸ் சிட்டி' கம்ப்யூட்டருக்கு வர ஏழு மாதம் ஆனது. 'சான் ஆண்ட்ரியாஸ்' 2004 அக்டோபரில் வந்து 2005 ஜூனில் இறங்கியது, எட்டு மாதம். ஐந்தாம் பாகம் கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது, பத்தொன்பது மாதம். இதை வைத்து 2027 என்கிறார்கள் சிலர், 2028 என்கிறார்கள் சிலர். விலை குறைந்து வாங்கக்கூடியதாக ஆவதற்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு ஆகும் என்பது கணக்குத் தெரிந்தவர்களின் கட்சி.